நர்ஸ் வேலைக்குள் ஒரு யோசனை

(தொடர்கல்வி மையத்தில் ஒரு மாலை பேசியது)



நர்ஸ் என்றால் யார் என்று கேட்டேன். "ஊசி போடுகிறவர்" என்றீர்கள். "டாக்டர் சொல்வதைச் செய்கிறவர்" என்றார் ஒரு அண்ணன். சரிதான். ஆனால் அது பாதிதான். அந்த வேலைக்குள் ஒரு யோசனை இருக்கிறது.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைக் கைவிளக்கு ஏந்தியவர் என்று சொல்வார்கள். எனக்கு விளக்கைவிடச் சாக்கடைதான் பெரிதாகப் படுகிறது. 1854ஆம் ஆண்டு. துருக்கியில் ஸ்கூட்டாரி என்ற இடம். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கான ஆஸ்பத்திரி. அங்கே காயத்தால் செத்தவர்களைவிடக் காலராவாலும் வயிற்றுப்போக்காலும் செத்தவர்களே அதிகம். கட்டடத்தின் அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. 1855இல் ஒரு குழு வந்து அதைச் சுத்தம் செய்தது. காற்று வர வழி செய்தது. சாவு குறைந்தது.

பின்னால் அவர் எழுதியது இதைத்தான்: உடம்பு தன்னைத் தானே சரிசெய்து கொள்ளும். நல்ல காற்று, வெளிச்சம், சுத்தம், சாப்பாடு, அமைதி கொடுத்து அதற்கு வழிவிடுவதே நர்ஸின் வேலை.

நூறு வருடம் கழித்து இன்னொருவர் வந்தார். அமெரிக்க நர்ஸ் வர்ஜீனியா ஹெண்டர்சன். 1960இல் வந்த அவருடைய சிறு நூலில் 14 தேவைகளைச் சொன்னார். மூச்சு, சாப்பாடு, தூக்கம் மட்டுமல்ல. பேசுவது, சாமி கும்பிடுவது, வேலை செய்வது, விளையாடுவது, புதிதாகக் கற்பது கூட அதில் உண்டு. பலம் இருந்தால் நோயாளி தானே எதைச் செய்வாரோ, அதில் நர்ஸ் உதவ வேண்டும். சீக்கிரமே அவர் தானே செய்யும்படியும் உதவ வேண்டும் என்றார்.

பக்கவாதம் வந்த ஒரு பெரியவரை நினைத்துக் கொள்ளுங்கள். வலது கை விழுந்துவிட்டது. மகள் ஊட்டுகிறாள். அன்புதான். நர்ஸ் வேறு மாதிரி பார்ப்பார். புரை ஏறாமல் விழுங்குகிறாரா? நிமிர்ந்து உட்கார முடிகிறதா? முடிந்தால் இடது கையில் ஸ்பூனைக் கொடுப்பார். கஞ்சி சிந்தும். அரை மணி ஆகும். பக்கத்திலேயே நிற்பார். எழுத்துச் சொல்லித் தருகிற எனக்கு இது தெரியும். பிடித்த கையை விடுவதுதான் கஷ்டம்.

அதற்காகக் கடுங்காய்ச்சலில் கிடப்பவரை "நீயே எழுந்து குளி" என்பது வேறு. அது கொடுமை. இனிப் பிழைக்க மாட்டார் என்றாலும் வேலை முடிவதில்லை. அமைதியாகச் சாகத் துணை நிற்பதும் நர்ஸின் வேலை என்றே ஹெண்டர்சன் எழுதினார்.

"ஒரு நர்ஸுக்கு நாற்பது பேர் என்றால் அரை மணி எப்படி நிற்பார்?" என்று அக்கா ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. ஊட்டினால் ஐந்து நிமிடத்தில் முடியும். ஆள் போதாத வார்டில் முதலில் காணாமல் போவது இந்த நிற்கிற நேரம்தான். அதைக் கேட்டு வாங்க வேண்டும். அதுவரை கட்டில் பக்கத்தில் இருப்பது நாம். நர்ஸிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "சிஸ்டர், இவர் எதைத் தானே செய்யலாம்? எதைச் செய்யவே கூடாது?" பதிலை நோட்டில் எழுதிக் கொள்ளுங்கள். இப்போதுதான் எழுதத் தெரியுமே.