நாயின் மூட்டுநோயும் நாம் வழங்கும் சொற்களும்



பேராக் தோட்டப்புறங்களில் நாய் நொண்டினால் ‘வாதம்’ என்று சொல்லித் தைலம் தேய்ப்பது நெடுநாள் வழக்கம். ரப்பர் மரங்கள் செம்பனைக்கு வழிவிட்ட பின்னும் அச்சொல் மாறவில்லை. அடிபட்ட கால், முதுமையில் தேய்ந்த மூட்டு எல்லாம் அதனுள் அடங்கிவிடுகின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்துக் காட்ட விரும்புகிறேன். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்கும் நோய் அது. 1948 முதல் கால்நடை ஆய்வுக்கழகத்தைத் தன்னகத்தே கொண்ட ஈப்போவில் இதனைப் பேசுவது பொருத்தமே.

இது முதுமை நோயன்று; இளமையிலும் நடுவயதிலும் மிகுதியாக வரும். காய்ச்சல் அடிக்கும்; நாய் எழ மறுக்கும்; இன்று ஒரு கால், நாளை மறுகால் என நொண்டும். சிலவற்றில் வீக்கமே புலப்படாது. ஊசியால் எடுத்த மூட்டுநீரில் கிருமி இராது, வெள்ளணுக்கள் மிகுந்திருக்கும். உண்ணி பரப்பும் எர்லிக்கியா தொற்றும் இதே தோற்றம் காட்டுமாதலால், முதலில் இரத்தச் சோதனை வேண்டும்.

முதன்மை மருந்து பிரெட்னிசோலோன். பெரும்பாலான நாய்கள் சில நாள்களிலேயே எழுந்து நடக்கின்றன. இடர்ப்பாடு அங்கேதான் தொடங்குகிறது. நடந்ததும் ‘குணமாகிவிட்டது’ என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். அளவைப் படிப்படியாகக் குறைத்து, பல மாதங்கள் தொடர வேண்டிய மருந்து இது. திடீரென நிறுத்தினால் நோய் திரும்பலாம். மருந்துக்குப் பழகிய உடல் தளர்ந்து உயிருக்கே தீங்கு நேரலாம். வீட்டிலுள்ள வலி மாத்திரையை உடன்சேர்த்துக் கொடுப்பதோ இரைப்பையைப் புண்ணாக்கும்.

‘எதிர்ப்புச் சக்தி’ என்னும் தொடரும் நம்மை ஏமாற்றுகிறது. அதைக் கேட்டவுடன் சக்தி குறைவு என்றெண்ணிச் சத்துமருந்து தேடுகிறோம். இங்குச் சிகிச்சையோ அவ்வாற்றலை அடக்குவது! ஆகவே ‘தன்தாக்க மூட்டழற்சி’ என வழங்கலாம் என்பது என் கருத்து. அவ்வாறே ‘குணம்’ என்னுமிடத்தில் ‘தணிவு’ என்போம். தணிந்தது மீண்டும் கிளரக்கூடும் என்பதை அச்சொல்லே உணர்த்தும்.

எலும்பை அரிக்காத வகையாயின் பல நாய்கள் நெடுங்காலம் நலமாக வாழும். சில, குறைந்த அளவு மருந்தை வாழ்நாள் முழுதும் உண்ணும். சிலவற்றுக்கு லெஃப்லூனமைடு போன்ற துணைமருந்து தேவைப்படும். அரிக்கும் வகையில் சிதைந்த மூட்டு பழைய நிலைக்குத் திரும்பாது. வலியைக் குறைக்கலாம், அவ்வளவே.

மருந்துப் பையில் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதப்படுவதைப் படிக்க இயலாத மூத்தோர் இன்னும் உள்ளனர். அவர்களுக்காக அப்பையின்மேல் தமிழில் ஒரு வரி வேண்டுகிறேன்: ‘நாய் நடந்தாலும், மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தாதீர்.’