பந்தமும் பொத்தானும்

நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களில் மாசி மாதத்தில் காமன் கூத்து நிகழ்வதை நேயர்கள் அறிவர். சிவபெருமான் மன்மதனை எரித்த கதையைத் தப்பு முழங்க இரவில் ஆடுவர். மின்விளக்கு வருமுன் தீப்பந்தமே ஒளி. பந்தம் எப்போது நெருங்க வேண்டும், எப்போது விலக வேண்டும் என்பது கூத்து மாஸ்டரின் நெஞ்சில் இருந்தது. எந்த ஏட்டிலும் இல்லை.

1975ஆம் ஆண்டில் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில், 'எ கோரஸ் லைன்' நாடகத்திற்கு ஒளியமைத்த தாரோன் மஸ்ஸர் என்னும் அம்மையார், காட்சிகளை நினைவிற் கொள்ளும் ஒளிமேசையை அங்கு முதன்முதலாகக் கையாண்டார். ஒவ்வொரு விளக்கின் ஒளியளவையும் காட்சிவாரியாகப் பதிந்துவிட்டால், பொத்தானை அழுத்தியதும் அக்காட்சி மீளும். ஆள் மாறினும் ஒளி மாறாது.

ஆனால் ரதியின் புலம்பல் ஓரிரவு நீளும், மற்றோரிரவு குறுகும். காலத்தையும் கணக்கிட்டுத் தானே நகருமாறு அமைத்த மேசை, அவள் அழுது முடியுமுன் அடுத்த காட்சிக்குத் தாவிவிடும். ஆகவே கூத்துக்கு ஒளியளவை மட்டும் பதிந்துகொண்டு, பொத்தானைத் தப்பொலி கேட்டு நிற்பவர் விரலுக்கே விட்டுவிடுதல் தகும்.