கழுகு மறைந்தபோது



இறந்த மாடுகளை உண்டு ஊரைத் தூய்மையாக்கும் பறவை பிணந்தின்னிக் கழுகு. 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுக் கழுகுகளில் 100க்கு 99க்கு மேல் மடிந்தன. மாடுகளுக்கு அளித்த டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, இறந்த மாட்டின் இறைச்சி வழியே கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்ததே காரணம். 2006இல் அரசு அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. அதற்குள் உண்பாரற்ற பிணங்கள் அழுகின, தெருநாய்கள் பெருகின.

ஓர் உயிர் விலகின் பல உயிர்கள் தடுமாறும். இஃது இயற்கை நியதி. சாதியையும் அத்தகைய நியதி என்பார் உளர். கழுகுக்குப் பிணம் உணவு. நம் முன்னோருக்கோ அதனை அகற்றும் வேலை பிறரால் சுமத்தப்பட்டது. முன்னது இயற்கை; பின்னது அநீதி. இவ்வேறுபாட்டை எடுத்துரைக்கும் ஆற்றல் பெறவேனும் நாம் அறிவியல் கற்போம்!