வரைபடத்தின் தேதி



புவியியல் ஆசிரியர் ஒருவரின் நினைவாக எழுந்த அறக்கட்டளையின் சார்பில் இந்தக் கல்லூரியில் நடக்கும் சொற்பொழிவு இது. அதனால் முன்னுரையை நீட்டாமல் அவருடைய பாடத்துக்கே வருகிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தின் எந்த வரைபடத்தை விரித்தாலும் நான் முதலில் தேடுவது அதன் ஆண்டை. அளவையும் திசையும் பிறகுதான். நம் கரையில் நிலம் நின்ற இடத்தில் நிற்பதில்லை. எப்போது எடுத்த படம் என்று தெரியாமல் எதையும் படிக்க முடியாது.

1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் வந்த வரைபடங்களில் ரயில் பாதை தனுஷ்கோடி வரை ஓடும். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். ரயில் நிலையம், அஞ்சலகம், தேவாலயம் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்த புயல் அந்தத் தாள்களைப் பழையதாக்கிவிட்டது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோனது. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. பிறகு வந்த படங்களில் அந்த இடம் வெறும் மணலானது. ஆனால் மீனவக் குடும்பங்கள் அங்கே ஓலைக் குடிசை போட்டுத் தொடர்ந்து வாழ்ந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள். புயலுக்கு முந்திய படம் இல்லாத ஊரைக் காட்டியது என்றால், பிந்திய படம் இருக்கிற மக்களைக் காட்டவில்லை. இரண்டாவது பிழைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. குடிநீர்க் குழாயும் பள்ளியும் எங்கே வரவேண்டும் என்று முடிவு செய்பவர் பார்ப்பது அந்தப் படத்தைத்தான்.

தனுஷ்கோடியின் முனையான அரிச்சல்முனைக்கு அப்பால், கடலில் தலைகாட்டும் மணல் தீடைகள். நம் மீனவர்கள் அவற்றை எண்ணால் அழைப்பார்கள்: நாலாம் தீடை, ஐந்தாம் தீடை. காற்று மாறும்போது தீடையின் உருவமும் மாறும். அங்கே ஆழம் அளப்பது நெடுங்காலமாகக் கடினம். ஆழம் அளக்கும் கருவியோடு வரும் கப்பல் தரை தட்டிவிடும். தேசியத் தொலையுணர்வு மையத்தின் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு வேறு வழியில் போனது. நாசாவின் ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள் பச்சை நிற லேசர் துடிப்புகளை மேலிருந்து அனுப்புகிறது. ஒளியில் ஒரு பங்கு நீரின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும். ஒரு பங்கு தெளிந்த நீரை ஊடுருவித் தரையைத் தொட்டுத் திரும்பும். இரண்டுக்கும் இடையிலான நேரத்தைக் கணக்கிட்டு, நீருக்குள் ஒளி வளைவதையும் வேகம் குறைவதையும் திருத்தினால் ஆழம் கிடைக்கும். 2018 அக்டோபர் முதல் 2023 அக்டோபர் வரையிலான தரவைத் திரட்டி, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை ராமர் சேது எனப்படும் 29 கிலோமீட்டர் கடலடி மேட்டைப் பத்து மீட்டர் நுணுக்கத்தில் வரைந்தார்கள். அருமையான வேலை. அந்த ஐந்து ஆண்டுக் கணக்கையும் சேர்த்தே அதைப் படிக்கவேண்டும். இன்றைய தீடையின் ஓரம் எங்கே என்பதை நேற்று அங்கே வலை போட்டவரிடம்தான் கேட்கவேண்டும்.

நம் கடலில் நகராமல் இருப்பது ஒன்றுதான், எல்லைக் கோடு. 1974இன் இந்திய-இலங்கை ஒப்பந்தம் பாக் நீரிணையிலிருந்து ராமர் சேது வரை ஆறு புள்ளிகளை எண்களால் குறித்து அவற்றை இணைத்தது. நான்காம் புள்ளி 9 பாகை 21.80 நிமிடம் வடக்கு, 79 பாகை 30.70 நிமிடம் கிழக்கு. அதற்கு அருகே, கோட்டுக்குச் சற்றுக் கிழக்கே கச்சத்தீவு. எண் துல்லியமானது, கடலில் அந்த இடத்தில் ஒரு மிதவைகூடக் கண்ணில் படாது. இரவில், நீரோட்டம் இழுக்க, இன்ஜின் நின்றுவிட்டால் ஜி.பி.எஸ். திரையில் மட்டும் அந்தக் கோடு தெரியும், படகு அதைத் தாண்டுவதும் தெரியும். அந்தக் கோட்டுக்கு அப்பால் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழ் மீனவர்களே வலை விரிக்கிறார்கள். நம் இழுவைமடி அவர்களுடைய கடல்தரையை அரிப்பதையும் மறைக்காமல் பேசவேண்டும். கோட்டை எத்தனை துல்லியமாக வரைந்தாலும் இந்த வழக்கு தீராது.

மன்னார் வளைகுடாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1986இல் தேசியப் பூங்காவானபோது 21 தீவுகள். பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் இப்போது நீருக்கடியில். சுற்றியிருந்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டியதில் அலையைத் தடுக்கும் அரண் போனது. பேச்சிலும் எழுத்திலும் 21 என்ற எண் மட்டும் நிற்கிறது.

இனி தரைக்கு வருவோம். எனக்கு மிகவும் கவலை தருவது கண்மாய்தான். நம் மாவட்டத்துக்கு மழை வடகிழக்குப் பருவத்தில். ஜனவரியில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் கண்மாய் நீலமாகவோ கருப்பாகவோ நிறைந்திருக்கும். அதே கண்மாய் மே மாதப் படத்தில் தரிசு நிலம். மே மாதப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு "இங்கே நீர்நிலை இல்லை" என்று யாராவது சொன்னால், வரத்துக்கால் மனைகளாகும், அடுத்த பெருமழையில் தண்ணீர் வீட்டுக்குள் வரும். இன்னொரு ஏமாற்றும் உண்டு. கோடையிலும் பச்சையாகத் தெரியும் பரப்பைக் கணினி செழிப்பு என்று வகைப்படுத்தலாம். கிட்டப்போய்ப் பார்த்தால் கண்மாயின் உட்பகுதி முழுவதும் சீமைக்கருவேலம். பசுமையின் அளவு சரி, அதற்குக் கொடுத்த பொருள்தான் தவறு. கள ஆய்வில்லாமல் இந்தத் தவறு பிடிபடாது.

மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இதையொட்டியதுதான். லேண்ட்சாட் படங்கள் 1972 முதல் இருக்கின்றன, இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 பத்து மீட்டர் நுணுக்கத்தில் சில நாட்களுக்கு ஒருமுறை நம் தலைக்கு மேல் போகிறது, அதுவும் இலவசம். இஸ்ரோவின் புவன் தளமும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு கண்மாயை எடுத்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு ஆண்டுகளின் ஜனவரிப் படங்களை வரிசையாக வையுங்கள். நீர்ப்பரப்பு எந்த ஆண்டில் சுருங்கத் தொடங்கியது என்று பாருங்கள். மேகம் மறைத்த ஆண்டையும் மழை பொய்த்த ஆண்டையும் தனியே குறியுங்கள். பிறகு கரைமேல் நடந்து மடை, கலுங்கு, வரத்துக்கால் மூன்றையும் கைபேசியில் புள்ளியாகப் பதியுங்கள். கூடவே ஊரில் தண்ணீர் பாய்ச்சிப் பழகிய பெரியவர் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். தூர்ந்துபோன கால்வாய் எங்கே ஓடியது என்பது படத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கடற்கரை ஊர் மாணவர்கள் கடற்பாசி எடுக்கும் பெண்களிடம் கேளுங்கள். எந்தத் தீவின் எந்தப் பக்கத்தில் எந்தப் பாசி, எந்த மாதத்தில் என்று அவர்கள் சொல்வது எந்த அரசுப் படத்திலும் இல்லாத தரவு. அதை வெளியிடலாமா, கூடாதா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். இடம் வெளியே தெரிந்தால் பிழைப்பு போகும் என்ற பயம் நியாயமானது.

குறிப்பேட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே ஊரில் வழங்கும் பெயர், பார்த்த தேதி, சொன்னவர் யார் என்று எழுதுங்கள். முதல் தொகுப்பு தயாரானதும் ஒரு படி இந்தக் கல்லூரி நூலகத்துக்கு, ஒரு படி அந்தந்த ஊராட்சி அலுவலகத்துக்கு. அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் கண்மாயைப் பற்றிப் பேச்சு வரும்போது அந்தத் தாள் மேசைமேல் இருக்கவேண்டும்.