துண்டு மரத்தில் கடையும் பாத்திரங்கள்



தாமிரபரணிக் கரையிலே, அம்பாசமுத்திரத்தில், மரத்தைக் கடைந்து அரக்கேற்றிச் சொப்புச் சாமான் செய்வதைத் தாங்கள் அறிவீர்கள். தூத்துக்குடியில் தோணி கட்டுமிடத்துத் துண்டுகளோ அடுப்புக்கே போகின்றன.

அவற்றில் பன்னிரண்டை எடுத்து, இரு முனையும் 15 பாகைச் சாய்வில் அறுத்து ஒட்டினால் வளையமாகும். தேக்கினிடையே கருங்காலி வைப்பின் சாயமின்றியே கோலம் விழும். செங்கல் வரிசைபோல் இணைப்பு மாறிவர வளையங்களை அடுக்கி ஒட்டியபின் கடைசல் பிடிக்க வேண்டும். முனைக்கு அரைப் பாகை பிசகினும் 24 முனைகளில் அது 12 பாகையாகி வளையம் வாய்பிளக்கும். கடற்காற்றில் ஈரமேறிய மரத்தை உலர்த்தாமல் தொடவே வேண்டா. வெற்றிலை, பழம் வைக்க இப்பாத்திரம் ஏற்றது; வெந்நீருக்கு ஆகாது.

கடனுக்கு மரங்கொடுத்தவனுக்கே, அவன் சொன்ன விலைக்குச் சாமானை விற்றுத் தீர்ப்பது எத்தனை காலம்? சங்கமாகச் சேர்ந்தால் மரத்தையும் நல்ல வாளையும் பொதுவில் வாங்கலாம். சேர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.