நீந்துவோரும் நோக்குவோரும்: திமிங்கிலச் சுற்றுலா ஆய்வின் அறம்



இலக்கிய அவையொன்றில் திமிங்கிலத்துக்கு என்ன வேலை என்ற ஐயம் எழலாம். தன் எழுத்துக்குப் பொருளாகும் உயிருக்கு எழுதுவோன் கடமைப்பட்டவன் என்பதை இலக்கியம் நன்கறியும். அக்கடமை ஆய்வேடு எழுதுவோனுக்கும் உண்டு. கடலில் தன்னியல்பாய் வாழும் திமிங்கிலங்களோடு மனிதர் நீந்தி மகிழும் சுற்றுலா இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது. அதனை ஆராயப் புகுவோர் எவ்வகை அறத்துக்குக் கட்டுப்பட்டவர் என்பதே இவ்வுரையின் பொருள்.

தென் பசிபிக் பெருங்கடலில் உள்ள தோங்கா நாட்டின் வவாவு தீவுக்கூட்டம் இச்சுற்றுலாவுக்குப் பெயர் பெற்றது. அண்டார்க்டிக் கடலில் இரை தேடி வாழும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள், ஜூலை முதல் அக்டோபர் வரையிலான காலத்தில், இணை சேரவும் கன்று ஈனவும் இவ்வெதுவெதுப்பான நீருக்கு வருகின்றன. தாய் 12 மீட்டருக்கு மேல் நீளமுடையது. பிறந்த கன்று ஏறத்தாழ 4 மீட்டர் இருக்கும். இங்கு தங்கும் நாள்களில் தாய் பெரும்பாலும் உண்பதில்லை. உடலில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கொண்டே தானும் உயிர் வாழ்ந்து, கன்றுக்கும் பாலூட்டி, பின்னர்த் தெற்கே நெடும்பயணம் மேற்கொள்ள வேண்டும். ஆகவே, தாய் அசையாது மிதந்து இளைப்பாறும் நேரமெல்லாம் கன்றின் வளர்ச்சிக்கான சேமிப்பு எனலாம். நீந்துவோர் பெரிதும் நாடுவதும் இளைப்பாறும் அந்தத் தாயையும் கன்றையுமே. விரைந்து செல்லும் திமிங்கிலத்தோடு மனிதனால் நீந்த இயலாதன்றோ!

தோங்கா மக்கள் முன்னர் உணவுக்காகத் திமிங்கில வேட்டையாடியவர்கள். 1978இல் அந்நாட்டு மன்னர் நான்காம் தௌஃபாஹௌ துபோ வேட்டையைத் தடை செய்தார். மக்கள் தம் உணவுகளில் ஒன்றைக் கைவிட்டனர். 1990களில் நீந்தும் சுற்றுலா அங்கு வளரத் தொடங்கியது. படகோட்டி, வழிகாட்டி, விடுதி நடத்துவோர் எனப் பலருக்கு அது வாழ்வளித்தது. 2013இல் இதற்கெனத் தனி விதிமுறைகளே வகுக்கப்பட்டன. ஒரே நேரத்தில் வழிகாட்டியுடன் நால்வர் மட்டுமே நீரில் இறங்கலாம் என்பது அங்குள்ள விதிகளுள் ஒன்று.

அக்கடலில் செய்யப்பட்டு 2019இல் வெளியான ஆய்வொன்று, படகுகளும் நீந்துவோரும் அருகிருக்கையில் தாயும் கன்றும் நீருள் மூழ்கியிருக்கும் நேரம் மிகுவதாகவும், மேற்பரப்பில் இளைப்பாறும் நேரம் குறைவதாகவும் கண்டது. இத்தகைய முடிவை வெளியிடுவோர் இருவருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்: ஒருவர், வேட்டையைக் கைவிட்டு இத்தொழிலை நம்பிய தீவு மக்கள், மற்றொருவர், வாய் திறந்து முறையிட இயலாத தாய்த் திமிங்கிலம். ஆய்வறத்தின் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

முதற் சிக்கல், ஆய்வாளர் அமரும் இடத்தைப் பற்றியது. கடலாய்வு பெருஞ்செலவுடையது. சுற்றுலாப் படகில் ஓர் இருக்கை கிடைத்தால் அச்செலவு மிச்சமாகும். ஆயினும் அவ்விருக்கையிலிருந்து தெரிவன, படகை விட்டு விலகாத திமிங்கிலங்களே. விலகிச் சென்றவை குறிப்பேட்டில் ஏறுவதில்லை. எஞ்சியவை அமைதியாய் இருப்பதைக் கண்டு, "பழகிவிட்டன" என எழுதுவது எளிது.

இவ்வெழுத்து எவ்வளவு பிழைபடக்கூடும் என்பதை மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில், ஓங்கில்களைக் காட்டும் படகுத் தொழிலைப் பற்றி நடந்த ஆய்வு உணர்த்தியது. லார்ஸ் பெய்டர் முதலியோர் 2006இல் வெளியிட்ட அவ்வாய்வு, ஒரு படகு நிறுவனம் மட்டும் இயங்கிய காலத்தில் ஓங்கில்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை என்றும், இரண்டாவது வந்தபின் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்தது என்றும் கண்டது. பல்லாண்டுகளாக ஒவ்வோர் ஓங்கிலையும் தனித்தனியே அடையாளங்கண்டு பதிந்த குறிப்புகளும், படகு செல்லாத பகுதியோடு செய்த ஒப்பீடும் இல்லையேல் இவ்வுண்மை வெளிப்பட்டிராது. அம்முடிவை ஏற்று, அரசு இரண்டு உரிமங்களை ஒன்றாகக் குறைத்தது.

இரண்டாம் சிக்கல், ஆய்வுக்கு இசைவு தரும் குழுக்களைப் பற்றியது. பல்கலைக்கழகங்களில் விலங்காய்வுக்கு ஒரு குழுவும், மனிதரைப் பற்றிய ஆய்வுக்கு வேறொரு குழுவும் இருப்பது வழக்கம். முன்னது, ஆய்வாளரின் செயலால் விலங்குக்கு நேரும் துன்பத்தை வினவும். 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இருவர் எழுதிய நூல், விலங்குச் சோதனைகளில் மாற்று வழி தேடல், எண்ணிக்கை குறைத்தல், துன்பம் தணித்தல் என்னும் மூன்றை வலியுறுத்தியது. இன்றைய விதிகள் பலவற்றுக்கு அதுவே அடிப்படை. பின்னது, வினாத்தாள் நிரப்பும் சுற்றுலாப் பயணியின் ஒப்புதலைக் கேட்கும். நீந்துவோரால் திமிங்கிலத்துக்கு நேரும் தொல்லையோ இரண்டுக்கும் இடையே விழுந்துவிடுகிறது. "தொல்லை தருவது தொழில், நான் நோக்குபவன் மட்டுமே" என ஆய்வாளர் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால், அவர் கணக்கெடுக்கவெனக் கூடுதலாக ஒருமுறை படகு நெருங்கினால், அந்த நெருக்கம் யாருடையது?

மூன்றாம் சிக்கல், ஆய்வு என்னும் பெயர் தரும் மதிப்பு. "ஆய்வு நடக்கிறது; முடிவு வரட்டும்" என்னும் சொல், முடிவு வரும்வரை தொழில் நடக்கட்டும் என்றே பொருள்படுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்கலூ கடலில் 2016இல் கூன்முதுகுத் திமிங்கிலங்களோடு நீந்துதல் சோதனை முயற்சியாகத் தொடங்கப்பட்டது. 2020இல் அங்கு நீந்திய சிலர் திமிங்கிலங்களால் காயமுற்றனர். மனிதனின் எலும்பு முறிவு அன்றே செய்தியாகிறது. தாயின் கொழுப்பில் குறைந்ததும், கன்றின் வளர்ச்சியில் குன்றியதும் வெளித்தோன்ற ஆண்டுகள் ஆகும். தோன்றாமலே போகவும் கூடும். தீங்கு மெய்ப்பிக்கப்படவில்லை என்பது தீங்கில்லை என்பதாகாது.

இவற்றால் சுற்றுலாவோடு இணைந்த ஆய்வு அனைத்தும் பழுதென்று கொள்ளலாகாது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில், ஜூன், ஜூலைத் திங்கள்களில், குட்டை மிங்கித் திமிங்கிலங்கள் தாமாகவே படகுகளை நாடி வருகின்றன. படகிலிருந்து நீளும் கயிற்றைப் பற்றியபடி நீந்துவோர் மிதக்க, அவையே வந்து பார்த்துச் செல்கின்றன. 2003 முதல் வரையறுத்த எண்ணிக்கையில் மட்டும் உரிமங்கள் வழங்கப்பட்டன. ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தார் அப்படகுகளிலேயே சென்று, படகு மாந்தர் எழுதிய குறிப்புகளையும் பயணிகள் எடுத்த படங்களையும் திரட்டி, உடற்குறிகளைக் கொண்டு ஒவ்வொன்றையும் அடையாளங்கண்டனர். அவ்வினத்தைப் பற்றி உலகம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி இவ்வழி வந்ததே. ஆயினும், நாடி வருவதை முழு ஒப்புதலாக எண்ணி அவர்கள் அமைதி கொள்ளவில்லை. சந்திப்பு நீள நீளத் திமிங்கிலங்கள் மனிதரை மேலும் நெருங்குவதைக் கண்டு, அது இருசாரார்க்கும் இடர் தரக்கூடியதென எச்சரித்தனர்.

தம்மை ஏற்றிச் செல்லும் கலத்துக்கும் உண்மைக்கும் இடையே அறிவியலார் நிற்க நேர்ந்த வரலாறு பழையது. 1959 முதல் 1961 வரையிலான இரு வேட்டைப் பருவங்களில், சோவியத் கப்பல்கள் தென்கடலில் ஏறத்தாழ 25,000 கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கொன்றன. உலக அமைப்புக்கு அனுப்பிய கணக்கோ பொய்க்கணக்கு. கப்பல்களில் பணியாற்றிய உயிரியலார் சிலர் மெய்க்கணக்கை மறைவாகக் காத்து வைத்தனர். 1993இல் அலெக்சி யாப்லோகோவ் இதனை வெளிப்படுத்திய பின்னரே, திமிங்கிலங்கள் மறைந்த காரணம் உலகுக்கு விளங்கியது. இன்று தோங்காவுக்குக் கன்றோடு வரும் தாய்கள், அந்த அழிவில் தப்பிய சிலவற்றின் வழித்தோன்றல்கள். கொலைக்கும் நீச்சலுக்கும் உள்ள தொலைவு பெரிது. ஆனால், ஏறிய கலத்தின் நலத்துக்கேற்பக் கணக்கெழுதலாகாது என்னும் நெறி இரண்டுக்கும் ஒன்றே.

அவ்வாறாயின், ஆய்வாளர் செய்யத்தக்கது யாது? கரைக்குன்றில் அளவைக் கருவியோடு அமர்ந்து, படகில்லா வேளையில் திமிங்கிலம் எவ்வாறு இருக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். படகுச் சலுகை பெற்றிருப்பின் அதனை ஆய்வேட்டில் வெளிப்படையாய்க் கூறல் வேண்டும். தீவு மக்களைத் தகவல் தருவோராக மட்டும் கருதாது, வினாக்களை வகுக்கும்போதே உடனிருத்திக்கொள்ளல் வேண்டும். முடிவை அவர்தம் மொழியில் அவர்களிடமே முதலில் உரைத்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த அளவு தொல்லை தெரிந்தால் "நிறுத்துக" என்று பரிந்துரைப்பது என்பதை, படகேறுமுன்னரே எழுதி வைத்தல் வேண்டும். பயணம் முடிந்து, நட்புகள் வளர்ந்து, அடுத்த ஆண்டின் இருக்கையும் உறுதியான பின்னர் அவ்வளவை வகுக்கப் புகுந்தால், கை தானாகவே தளரும்.

வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். வழக்காட வருவோர் இருவரும் பேசவல்லவராயின், நடுவு நிற்பது ஓரளவு எளிது. வவாவுக் கடலில் ஒருவர் மட்டுமே பேசுகிறார். மற்றவர் மூச்சு வாங்க மேலே வந்து, மீண்டும் மூழ்கிவிடுகிறார். மூழ்கியதற்கான காரணத்தை அஞ்சாது எழுதும் கடமை ஆய்வாளருடையது.