கண்ணைப் பார்க்காத பிள்ளை

(ஏப்ரல் 2, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளன்று நம் சங்கக் கூட்டத்தில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது)



என் மகனை உங்களுக்குத் தெரியும். வயது 14. லிப்டில் நீங்கள் "என்னப்பா, சாப்பிட்டியா?" என்று கேட்டால் தரையைப் பார்த்துக்கொண்டே நிற்பான். போன மாதம் ஒரு பெரியவர், "முகத்தைப் பார்த்துப் பேசக் கத்துக்கொடும்மா" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நானும் பல வருடம் அவன் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, "அம்மா கண்ணைப் பாரு" என்று சொன்னவள்தான்.

நம் மூளையின் அடிப்பக்கத்தில், முகங்களைக் கண்டால் அதிகமாக வேலை செய்யும் ஓர் இடம் இருக்கிறது. 1997இல் நான்சி கான்விஷர் குழுவினர் அதை விவரித்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அது குறைவாக இயங்குவதாக 2000இல் ஓர் ஆய்வு சொன்னது. அந்த இடமே பழுது என்று நினைக்கத் தோன்றும்.

ஆனால் 2002இல் அமி கிளின் குழுவினர் சினிமாக் காட்சியைப் போட்டு, பார்ப்பவரின் பார்வை எங்கே போகிறது என்று அளந்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மற்றவர்களைவிடக் கண்களைக் குறைவாகவும், வாயையும் பொருட்களையும் அதிகமாகவும் பார்த்தார்கள். 2004இல் வேறொரு குழு, முகப்படத்தின் நடுவே ஒரு குறி வைத்து அதைப் பார்க்கச் சொன்னது. அப்போது அதே மூளைப்பகுதி இயங்கியது. அதே ஆண்டு இன்னோர் ஆய்வில், பழகிய முகங்களுக்கும் அது இயங்கியது.

அப்படியானால் ஏன் பார்ப்பதில்லை? 2005இல் ஒரு விடை கிடைத்தது. அவர்கள் கண்களை எவ்வளவு நேரம் பார்த்தார்களோ, அவ்வளவுக்கு அமிக்டலா கிளர்ந்தது. ஆபத்து என்று நம்மை உஷார்ப்படுத்துவதில் பங்குள்ள பகுதி அது. எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காது. ஆனால் என் மகன் ஒருநாள் சொன்னான்: "கண்ணைப் பார்த்தா, நீ பேசுறது கேக்கலைம்மா." அன்றோடு மோவாயைப் பிடிப்பதை விட்டேன்.

உங்களிடம் கேட்பது மூன்றுதான். எதிரே நிற்காமல் பக்கத்தில் நின்று பேசுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதிலுக்குக் கொஞ்சம் காத்திருங்கள். பதில் வராவிட்டாலும் அடுத்த நாளும் பேசுங்கள். பழகப் பழகத்தான் உங்கள் முகம் அவனுக்குத் தெரிந்த முகமாகும்.

அவன் தரையைப் பார்த்தாலும் உங்களைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.